கெட்டிமேளம் சேர்க்க வேண்டிய இடம்

ஒரு சின்ன வேலைதான் தம்பி. பெரிசா ஒண்ணும் இல்ல. தாலி கட்டுற இடம் வருதில்ல, அந்த இடத்துல கெட்டிமேளம் சத்தத்தைச் சேர்த்துக் கொடுத்துடணும். உங்ககிட்ட எத்தனையோ கல்யாண வீடியோ இருக்கும். ஏதாவது ஒண்ணுல இருந்து எடுத்துப் போட்டா முடிஞ்சுபோச்சு. யார் வீட்டுக் கல்யாணமா இருந்தா என்ன, கெட்டிமேளம் கெட்டிமேளம்தானே. நல்லா சத்தமா இருக்கணும், அதை மட்டும் பார்த்துக்குங்க. வேற எதுவும் காதுல விழக் கூடாது.

உட்கார்றேன், உட்கார்றேன். அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. நீங்க கல்யாணத்துக்கு வரல, உங்க ஆளுங்கதானே வந்து எடுத்தாங்க. அதனாலதான் உங்களுக்கு விஷயம் தெரியல. முழுசாச் சொன்னாத்தான் எதை வெச்சுக்கணும், எதை விடணும்னு உங்களுக்குப் புரியும். அவசரம் ஒண்ணும் இல்லையே உங்களுக்கு? எனக்குத்தான் அவசரம். வியாழக்கிழமைக்குள்ள வேணும்.

என்னைத் தெரியும்ல? சாந்தகுமாரி, மலர்ச்சி மகளிர் மன்றத் தலைவி. போன வருஷம் ஆட்டிசம் விழிப்புணர்வு நாளுக்குப் பேசினேனே, பேப்பர்ல படம்கூட வந்தது. ‘ஒதுக்காதீர், ஒளிக்காதீர்’னு தலைப்பு. நானே வெச்ச தலைப்புதான். கையில ஒரு துண்டுச் சீட்டு கிடையாது, அப்படியே மனசுல இருந்து பேசினேன். முன்வரிசையில கண்ணைத் துடைக்காதவங்களே இல்ல. ஷீல்டு கொடுத்தாங்க, ஹால்ல டி.வி.க்கு மேல வெச்சிருக்கேன். ஆட்டிசம் ஒரு வியாதி இல்ல, அவங்க மூளை வேற மாதிரி வேலை செய்யுது, அவ்வளவுதான், அவங்களை அவங்களாவே ஏத்துக்கணும். இதை நம்ம ஊர்ல முதல்ல மைக் பிடிச்சுச் சொன்னது நான்தான் தம்பி. எப்படிம்மா இவ்வளவு உருக்கமாப் பேசுறீங்கன்னு கேட்பாங்க. என் வீட்டுலயே இருக்கு, அனுபவிச்சுப் பேசுறேன்னு சொல்வேன். என் வீட்டுலன்னா, என் தங்கச்சி வீட்டுல.

தங்கச்சி பேரு கோமதி. அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் அருள்செல்வன், அவன்தான் மாப்பிள்ளை. அடுத்தவ இளமதி. அவளுக்குத்தான் ஆட்டிசம். இருபத்தி மூணு வயசு ஆகுது. பார்த்தா ஒண்ணும் தெரியாது, லட்சணமா இருப்பா. ஆனா சத்தம் ஆகாது. குக்கர் விசில் அடிச்சாலே காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்துடுவா. ஜரிகை உடம்புல பட்டா அழுவா. சொந்தமா ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசுறதே அபூர்வம். ஆனா அடுத்தவங்க சொன்னதை அப்படியே சொல்வா. அப்படியேன்னா அதே குரல், அதே இழுப்பு. சின்ன வயசுல, பக்கத்து வீட்டம்மா புருஷனைத் திட்டினதைக் கேட்டுட்டு, சாயங்காலம் அந்தப் புருஷன் வாசல்ல செருப்பைக் கழட்டுறப்ப அவர்கிட்டயே சொல்லிட்டா. அந்த வீட்டுல ஒரு வாரம் அடுப்பு எரியல. பாவம், அவளுக்கு என்ன தெரியும். காதுல விழுது, வாய் வழியா வெளிய வருது, நடுவுல மனசுல ஒண்ணும் தங்காது. மேடையில இப்படிச் சொல்ல மாட்டேன், அங்க வேற மாதிரி சொல்வேன். உங்ககிட்ட என்ன ஒளிவு மறைவு.

கோமதி வீட்டுக்காரர் தவறிட்டார். அதனால அருள் கல்யாணத்தை எடுத்து நடத்தினது முழுக்க நான். மண்டபம் நான் பார்த்தது, சமையல் ஆள் நான் பார்த்தது, மேளம் நான் போய் நேர்ல பேசி ஏற்பாடு பண்ணினது. அப்பா அம்மா ஸ்தானத்துல மேடையில உட்கார்ந்தது நானும் என் வீட்டுக்காரரும். கோமதியைக் கீழ மூணாவது வரிசையில உட்காரச் சொன்னேன். அதெல்லாம் இப்ப யாரு பெரியம்மா பார்க்கிறாங்கன்னு அருள் கேட்டான். நான் பார்க்கிறேன்னு சொன்னேன். 

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க வழக்கத்துல மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுட்டுக் கையை எடுத்துடுவார். மீதி ரெண்டும் நாத்தனார் முடிச்சு. மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவ பின்னாடி நின்னு போடணும். கூடப் பிறந்தவன்னா இளமதி. அவளை எப்படித் தம்பி மேடை ஏத்துறது? நாதஸ்வரம், தவில், அத்தனை கூட்டம், அட்சதை வேற வந்து மேல விழும். அவ பயந்துபோய்க் கத்தினா? தாலி கட்டுற நேரத்துல அழுகைச் சத்தம் கேட்கலாமா? அதனால என் பொண்ணு ரோஷிணியைப் பெங்களூர்ல இருந்து முன்னாடியே வரச் சொல்லிட்டேன். பெரியம்மா பொண்ணும் அக்காதானே, முறைக்கு ஒரு குறையும் இல்ல. அதுக்குன்னே மாம்பழக் கலர்ல பட்டு எடுத்தா. உங்க ஆல்பத்துல இருக்கும் பாருங்க.

இளமதியை மாடியில ஏ.சி. ரூம்ல விட்டு, துணைக்கு ஒரு பொம்பளையையும் வெச்சேன். கேட்டவங்ககிட்ட லேசா காய்ச்சல்னு சொன்னேன். ஒளிச்செல்லாம் வைக்கல. அவ நல்லதுக்குத்தான். எங்க மன்றத்து ஆளுங்களும் பாதிப் பேர் வந்திருந்தாங்க, உங்க தங்கச்சி பொண்ணு எங்கம்மா, பார்க்கணுமேன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. இன்னொரு நாள் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். விழிப்புணர்வுங்கறது ஊருக்கு. இது குடும்பம். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

எல்லாம் சரியாத்தான் போய்க்கிட்டிருந்தது. கெடுத்தது அந்தப் பொண்ணுதான். கல்யாணப் பொண்ணு, சுபாஷிணி. மின்வாரிய ஆபீஸ்ல வேலை. பார்த்தா வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதுன்னு நினைப்பீங்க. நிச்சயம் ஆனதுல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா கோமதி வீட்டுக்கு வந்துட்டுப் போனா. அருளைப் பார்க்க வர்றா, இந்தக் காலத்துப் பிள்ளைங்க, போகட்டும்னு விட்டேன். அப்புறம்தான் தெரியுது, அருள் கடைக்குப் போயிருக்கிற நேரத்துல இவ இளமதியோட தரையில உட்கார்ந்துக்கிட்டு, பித்தளைச் சொம்புக் கழுத்துல மஞ்சக் கயித்தைச் சுத்தி, முடிச்சுப் போட்டுப் போட்டுப் பழகியிருக்காங்க. கோமதி காபி போட்டுக் கொடுத்துக்கிட்டு வேடிக்கை பார்த்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. கூடப் பிறந்த அக்கா நான்.

அதோட விட்டாளா? நான் பேசி வெச்ச மேளக்காரரைப் போய்ப் பார்த்திருக்கா. பெரிய வித்வான், ஊர் ஊராப் போய் வாசிக்கிறவர். அவர்கிட்ட போய், முதல் முடிச்சு விழுந்ததும் வாசிக்கிறதை நிறுத்திடுங்க, நாத்தனார் போட்டு முடிக்கிற வரைக்கும் சத்தமே வேண்டாம்னு சொல்லியிருக்கா. அவரும் தலையை ஆட்டியிருக்கார். கெட்டிமேளம் வேண்டாம்னு ஒரு கல்யாணப் பொண்ணே வந்து கேட்டதை இவர் வாழ்க்கையில பார்த்திருப்பாரா? கேட்டா, மாலை போட்டுக்கப் போற பொண்ணே கேட்டா நான் என்னம்மா பண்றதுங்கறார். அவங்க வீட்டு ஆளுங்க அத்தனை பேருக்கும் சொல்லி வெச்சிருக்கா, அட்சதையை எறியாதீங்க, கையிலேயே வெச்சிருங்கன்னு. எங்க பக்கத்துல தெரியாதது யாருக்குன்னு கேளுங்க. எனக்கு.

அருள் தாலியை எடுத்துக் கட்டுறான். முதல் முடிச்சு விழுது. மேளம் நிக்குது. சரி, மூச்சு வாங்கிட்டு அடிப்பாங்கன்னு பார்த்தேன். ரோஷிணி குனிஞ்சு கயித்தைப் பிடிக்கப் போறா. அப்ப சுபாஷிணி கழுத்துக்குப் பின்னாடி கையைக் கொண்டு போய்க் கயித்தைத் தானே பிடிச்சுக்கிட்டு, தலையைக்கூட நிமிர்த்தாம, ‘அண்ணி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் நாத்தனார் வரட்டும்’ங்கறா. மணவறையில உட்கார்ந்துக்கிட்டு. ரோஷிணி முகத்தை நீங்க பார்த்திருக்கணும். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது தம்பி. உண்மையைச் சொல்றேன், அந்த இடத்துலயே அவளை எழுப்பி அனுப்பிடலாமான்னு தோணிச்சு.

நான் சும்மா இருப்பேனா? விரலை ஆட்டி, கெட்டிமேளம், கெட்டிமேளம்னு சொன்னேன். தவில்காரர் குச்சியை மடியில வெச்சுட்டு, மேல சுத்துற ஃபேனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். இன்னொரு தடவை சத்தமாச் சொன்னேன். அவ்வளவு பெரிய மண்டபத்துல என் குரல் மட்டும்தான் கேட்குது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாங்க, என்னமோ நான்தான் தப்புப் பண்ற மாதிரி. அவமானமாப் போச்சு.

அதுக்குள்ள கோமதி எந்திரிச்சுப் போய், பின்னாடிப் படி வழியா இளமதியைக் கூட்டிட்டு வந்துட்டா. எப்படிக் கூட்டிட்டு வர்றா? துவைச்சுத் துவைச்சுச் சாயம் போன காட்டன் சுடிதார். காதுல சத்தம் விழாம இருக்கப் பெரிசா ஒரு ஹெட்ஃபோன். கல்யாண மேடைக்கு வர்ற கோலமா அது? மேடை ஏறினவ ஒரு நிமிஷம் அப்படியே நின்னா. மண்டபத்துல ஒரு சத்தமும் இல்லைன்னு தெரிஞ்சதும், ஹெட்ஃபோனைக் கழட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டா. அந்த ஹெட்ஃபோனைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டு ஒரு காசுமாலை மாதிரி எதையாவது போட முடியுமா தம்பி? முடியாதா. சரி, விடுங்க.

அப்புறம் ஒவ்வொரு முடிச்சாப் போட்டா. மெதுவா. ஐயர் நல்ல நேரம் போகுதேன்னு தவிக்கிறார். அவ பாட்டுக்குக் கயித்தைச் சுத்துறா, இழுத்துப் பார்க்கிறா, மறுபடியும் சுத்துறா. நான் பக்கத்துலயே நிக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்துல வாய்க்குள்ள என்னவோ முணுமுணுத்தேன். அது கிடக்கட்டும். யார் காதுலயும் விழுந்திருக்காது. முடிச்சதும் அவ பாட்டுக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு மாடிக்குப் போயிட்டா. அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் வரிசையா வந்து அட்சதையைக் கையாலேயே தலையில வெச்சுட்டுப் போனாங்க. கல்யாணமா அது? நூலகத்துல நடந்த மாதிரி இருந்தது.

ஆனா பாருங்க, சாப்பாட்டுப் பந்தியில எங்க மன்றத்துச் செயலாளர் வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. தலைவி, மேடையில பேசினதை வீட்டுலயே செஞ்சு காட்டிட்டீங்க, மேளத்தைக்கூட நிறுத்திட்டீங்களேன்னு கண்ணு கலங்குறாங்க. பின்னாடியே இன்னும் நாலு பேர். நான் என்ன சொல்றது? அது நான் இல்லைன்னு சொன்னா அவங்க மனசு சங்கடப்படும்ல. எல்லாம் நம்ம கடமைதானேன்னு சொல்லிட்டு, அவங்க இலைக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னேன்.

அதுல இருந்து வந்ததுதான் இந்த வியாழக்கிழமை. விழிப்புணர்வு நாள் வருதில்ல, இந்த வருஷம் இளமதியையே மேடை ஏத்தணும்னு மன்றத்துல முடிவு பண்ணிட்டாங்க. அழைப்பிதழ்ல போட்டாச்சு, ‘தடைகளைத் தகர்த்து நாத்தனார் முடிச்சிட்ட நங்கை’ன்னு. அவ படம் சின்னதா, என் படம் பக்கத்துல. சிறப்பு விருந்தினரை வரவேற்கச் செண்டை மேளம்கூட ஏற்பாடு ஆயிருக்கு. இந்த வீடியோவுல முடிச்சுப் போடுற இடத்தைப் பெரிய திரையில காட்டணுமாம். காட்டுறதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நல்ல விஷயம்தானே. சத்தம்தான் பிரச்சினை.

எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்குறீங்களா? போன வாரம் பழமெல்லாம் வாங்கிக்கிட்டுக் கோமதி வீட்டுக்குப் போனேன். நடந்தது நடந்துபோச்சு, பெரியவங்க நாமதான் இறங்கிப் போகணும். ஹால்ல சுபாஷிணியோட அப்பா அம்மா, அவங்க சித்தப்பா எல்லாம் உட்கார்ந்திருக்காங்க. கதவைத் திறந்தது இளமதி. என்னைக் கண்டதும், வாங்கன்னு இல்ல, ஒண்ணும் இல்ல. ‘இது கை பட்ட தாலி நிலைக்குமா?’ன்னு சொன்னா.

என் குரல்ல.

இன்னொரு தடவையும் சொன்னா, அதே மாதிரி. அந்த ‘நிலைக்குமா’வுல ஒரு இழுப்பு, நான் கோபத்துல இழுக்கிற மாதிரியே. அருள் எந்திரிச்சு உள்ள போயிட்டான். கோமதி இளமதி தோளைப் பிடிச்சு மெதுவா அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறா, என்னைப் பார்க்காமலே. சுபாஷிணிதான் வந்து, ‘உட்காருங்க பெரிய அத்தை, காபியா டீயா?’ன்னு கேட்டா. அந்தக் கேள்வியை அவ கேட்ட விதம் இருக்கே, அதுக்கு அவ என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். காபி நல்லாத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கல.

நான்தான் சொன்னேன்னு என்ன நிச்சயம்? கல்யாண வீடு, எத்தனை வாய், யாரு வேணும்னாலும் சொல்லியிருக்கலாம். இந்தப் பொண்ணுக்கு ஆளும் தெரியாது, அர்த்தமும் தெரியாது. சுபாஷிணி போன்ல உங்க ஆளுங்க அனுப்பின வீடியோ இருக்காம், இளமதி தினமும் அதைப் போட்டுப் பார்க்கிறாளாம். அதுல இருந்து பிடிச்சிருப்பா. அங்கேதான் எனக்கு யோசனை வந்தது. அந்த இடத்துல கெட்டிமேளத்தைச் சேர்த்து ஒரு புது வீடியோவைக் கொடுத்துட்டா, வியாழக்கிழமைக்குள்ள அந்தப் பேச்சு மறந்துடும். பீப்பீ டும்டும்னு மேளத்தைச் சொல்லிக்கிட்டுத் திரியட்டும், யாருக்கு நஷ்டம்? இல்லைன்னா நினைச்சுப் பாருங்க. விளக்கு ஏத்தினதும் எங்க செயலாளர் சும்மா இருக்க மாட்டாங்க, ரெண்டு வார்த்தை பேசும்மான்னு மைக்கைக் கொண்டுபோய் அவ வாய்க்கு நேரா நீட்டுவாங்க. நான் பக்கத்துல பொன்னாடையோட நிப்பேன். அவ எதைச் சொல்வா?

எதுக்கும் இருக்கட்டும்னு மைக்கை என் கையிலயே வெச்சுக்கறதா முடிவு பண்ணியிருக்கேன். அவளுக்கும் சேர்த்து நானே பேசிடுவேன். அவங்களுக்காகக் குரல் கொடுக்கத்தானே நாங்க இருக்கோம்.

என்ன சொல்றீங்க? மருமக சுபாஷிணி வந்தாளா இங்க? எதையும் வெட்டக் கூடாது, சேர்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாளா? அவ யாரு தம்பி சொல்றதுக்கு? உங்களைக் கூப்பிட்டுப் பேசினது நான். நீங்க போடுங்க, எந்த இடம்னு நான் காட்டுறேன். முதல்ல பார்த்துடுவோம். யார் கண்டா, கேட்கவே கேட்காதோ என்னவோ.

ஆங், இதுதான். அருள் கட்டுறான். நிறுத்திட்டாங்க பார்த்தீங்களா மேளத்தை. ரோஷிணி எவ்வளவு அழகா நிக்கிறா. இதோ, இது நான். கெட்டிமேளம்னு சொல்றது நான்தான், அதை எடுத்துடுங்க. இளமதி வர்றா. கழட்டுறா. ம். ஒரு முடிச்சுப் போட்டுட்டா. அடுத்ததுக்குச் சுத்துறா.

கேட்டுது, கேட்டுது. தெளிவாத்தான் கேட்குது. இந்த ஒரு இடம்தான். மேல மேளத்தைப் போட்டா மூடிடும்ல?

இருங்க. கொஞ்சம் பின்னாடி போங்க. அவ சுத்துற இடத்துல இருந்து.

இங்க ஏன் கை நிக்குது? படம் சிக்கிக்கிச்சா? இல்லையா. ஆமா, ஐயர் விசிறிக்கிட்டுத்தான் இருக்கார், குத்துவிளக்குகூட ஆடுது. அவ மட்டும்தான் நிக்கிறா. அந்த வார்த்தை முடியவும் கை நிக்குது.

நிமிர்றா. யாரைப் பார்க்கிறா அவ? யார் முகத்தையும் பார்க்க மாட்டாளே. பிறந்ததுல இருந்து என் முகத்தை ஒரு தடவை நேரா பார்த்ததில்ல. இதுல என்னைத்தான் பார்க்கிறா, இல்ல? எவ்வளவு நேரம் பார்க்கிறா. நான் பக்கத்துலதான் நின்னேன், நான் எங்க பார்த்துக்கிட்டிருந்தேன்? மேளக்காரரைப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

சுபாஷிணி கை பின்னாடி வருது. திரும்பாமலேயே அவ விரலைத் தேடித் தொடுறா. அப்புறம் இவ குனியுறா. போடுறா. இறுக்கிப் பார்க்கிறா.

நிறுத்துங்க தம்பி, போதும். தண்ணி இருந்தாக் கொடுங்க.

சத்தம் சேர்த்தா மட்டும் போதாது. அந்தக் கை நின்ன இடத்தையும் எடுத்துடுங்க. அவ போடுற முதல் முடிச்சு முடிஞ்சதும் உடனே அடுத்ததுன்னு வரணும், நடுவுல ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஆமா, அவ என்னைப் பார்க்கிறதையும்தான்.